இட்லிப்பூச் செடியும் மதுரைத் தண்ணீரும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இட்லிப்பூ என்றால் மதுரைப் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். இட்லி மாதிரி உப்பி நிற்கும் சிவப்புக் கொத்து. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு பூவைப் பறித்து, நடு நரம்பை மெதுவாக உருவி, அதன் நுனியில் நிற்கும் ஒரு சொட்டுத் தேனை நக்கிய நாக்கு இன்னும் மறக்கவில்லை. நரம்பு உருவிய பூவுக்குள் அடுத்த பூவின் காம்பைச் செருகிச் செருகி, ஊசி நூல் இல்லாமலே மாலை கோப்போம். இந்தப் பூவின் பழைய பெயர் வெட்சி. பகைவரின் மாடுகளைக் கவரப் போகிறவர்கள் சூடிப்போன பூ. அந்தப் போருக்கே வெட்சித் திணை என்று பெயர். இக்சோரா என்று நர்சரியில் சொல்கிறார்களே, அது 1753-இல் லின்னேயஸ் வைத்தது. ஈஸ்வரன் என்ற சொல்தான் போர்த்துக்கீசியர் வாயில் மாறி அப்படி ஆனது.

இன்று மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். இலை மஞ்சளாவது, கிளையைக் கத்தரிப்பது, குச்சியிலிருந்து புதுச் செடி எடுப்பது. முதல் விஷயம்தான் என்னிடம் அதிகம் பேர் கேட்பது. "நல்லாத்தான் தண்ணி ஊத்துறேன், உரமும் வைக்கிறேன், இலை மட்டும் வெளுத்துப் போகுது."

எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்தது. திருநகரில் வீடு கட்டி முடித்த வருடம், சுற்றுச்சுவர் ஓரமாக ஏழு இட்லிப்பூச் செடி வைத்தேன். வாங்கும்போது பச்சைப் பசேல் என்று இருந்தவை. ஆறு மாதத்தில் ஆறு செடி மஞ்சள். சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா வைத்தேன். தேறவில்லை. சாணி உரம் வைத்தேன், அதற்கும் தேறவில்லை. மூலையில் இருந்த ஏழாவது செடி மட்டும் கொத்துக் கொத்தாகப் பூத்தது. அதற்குத் தனிக் கவனிப்பு எதுவும் கிடையாது.

அழகர்கோவில் சாலையில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த பெரியவர் ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். செடியைப் பார்க்கும் முன் தோட்டத்துக் குழாயைப் பார்த்தார். அதன் வாயைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டினார். அப்புறம் சுவரோரம் ஒரு கை மண்ணைத் தோண்டி எடுத்து, "டீச்சரம்மா, ஒரு எலுமிச்சம்பழம் கொண்டாங்க" என்றார். மண்ணில் சாற்றைப் பிழிந்தார். சின்னச் சின்னக் குமிழாக நுரைத்தது. "சுண்ணாம்பு" என்றார். கொத்தனார்கள் போட்டுவிட்டுப் போன காரையும் சிமெண்டுத் துண்டும் மண்ணுக்குள் கிடந்திருக்கின்றன. அதன் மேல் தினமும் நான் ஊற்றியது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீரிலும் சுண்ணாம்பு.

"சரி ஐயா, அந்த மூலைச் செடி மட்டும் எப்படி?" என்று கேட்டேன். அவர் மேலே கை காட்டினார். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அந்தச் செடிக்கு நேர் மேலே இருந்தது. பெய்த மழையெல்லாம் அதன் வேரில்தான் விழுந்திருக்கிறது.

இட்லிப்பூ கொஞ்சம் புளிப்புள்ள மண்ணை விரும்பும் செடி. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருக்கும். ஆனால் வேரால் அதை எடுக்க முடியாது. அடையாளம் சொல்கிறேன், இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நுனிக் கொழுந்து மஞ்சளாகி, அதில் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புக் குறை. அடி இலை முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. மறுபடியும் சொல்கிறேன்: நுனி என்றால் இரும்பு, அடி என்றால் தழைச்சத்து. நான் நுனியைப் பார்க்காமல், தழைச்சத்து தருகிற யூரியாவை வைத்துக்கொண்டிருந்தேன்.

மருந்து ரொம்ப எளிது. அன்னபேதி, அதாவது இரும்புச்சத்துள்ள பெரஸ் சல்பேட் உப்பு, கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. தரையில் சிந்தினால் துருக்கறை பிடிக்கும், கவனம். ஆனால் இது அவசரத்துக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் மாடியிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து, கொசு நுழையாமல் துணி கட்டி மூடி வையுங்கள். தினமும் வேண்டாம், வாரம் ஒரு முறை அதை ஊற்றினாலே கொழுந்தின் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். சுவரோரம் வைக்கத்தான் வேண்டுமென்றால் இரண்டடி தள்ளி வையுங்கள். குழியின் மண்ணை அள்ளி வெளியே போட்டுவிட்டு, செம்மண்ணும் மக்கிய இலையும் தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். தொட்டியிலும் இதே கலவைதான். தேங்காய் நார்த்தூள் சேர்ப்பதானால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுச் சேருங்கள், அதில் உப்பு இருக்கும். வெயிலும் வேண்டும். நிழலில் இலை தழைக்கும், பூ குறையும்.

நேரம் ஓடிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். கத்தரிப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தச் செடி கிளை நுனியில்தான் பூக்கும். வேலி மாதிரி மாதாமாதம் மழமழவென்று வெட்டினால் மொட்டெல்லாம் கத்தரிக்கோலோடு போய்விடும். கொத்து வாடியதும் அதற்குக் கீழே இரண்டு ஜோடி இலையோடு சேர்த்து வெட்டுங்கள், போதும். வெட்டிய இடத்தில் இரண்டாகக் கிளைக்கும்.

மாவுப்பூச்சி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, அப்புறம் வேப்பெண்ணெய்க் கரைசல். எறும்பு ஏறும் வழியையும் அடையுங்கள், அந்தப் பூச்சியைக் காப்பதே எறும்புதான்.

புதுச் செடிக்கு, ரொம்ப முற்றாத குச்சியாக ஒரு சாண் நீளம் வெட்டி, அடி இலையைக் கிள்ளிவிட்டு, மழைக்காலத்தில் ஈர மணலில் நிழலில் ஊன்றுங்கள். வேர் பிடிக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம், அதுவரை பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். எங்கள் மூலைச் செடியிலிருந்து அப்படி எடுத்த குச்சிகள்தான் இன்று சுவரோரம் முழுக்க நிற்கின்றன. வணக்கம்.