பசிக்குத் தவணை சொல்ல முடியுமா?

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், அவையில் கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

'உழைப்பவருக்கு நியாயமான கூலி கிடைக்க வழி குறைந்தபட்ச ஊதியச் சட்டமா, தடையற்ற சந்தையா?' என்பது இன்றைய தலைப்பு. சட்டமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயங்களைச் சொன்னார். எந்தப் பொருளுக்கும் விலை ஏறினால் வாங்குபவர் குறைவார், உழைப்பும் அப்படித்தான், எனவே கூலியைச் சட்டம் போட்டு உயர்த்தினால் வேலை போகும் என்றார். ஒருவர் குறைந்த கூலிக்குச் சம்மதித்து வந்தால் நடுவில் நுழைய அரசு யார் என்று கேட்டார். கடைசியாக, இந்தச் சட்டத்தால் முதலில் அடிபடுவது அனுபவமில்லாத ஏழை இளைஞர்தான் என்றார். இந்தக் கடைசிக் கவலையை அவர் மனதாரத்தான் சொன்னார். அதற்கு மரியாதையோடு பதில் சொல்கிறேன். ஆனால் முதலில் அந்தச் சம்மதத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். மற்ற எல்லாமே அதைப் பிடித்துத்தான் நிற்கிறது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் க்ராட்லி ஹீத் என்று ஓர் ஊர். சங்கிலி செய்யும் ஊர். கனமான சங்கிலிகளை ஆலைகளில் ஆண்கள் செய்தார்கள். சிறிய சங்கிலிகளைப் பெண்கள் தங்கள் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் உலை மூட்டி, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சம்மட்டியால் அடித்துச் செய்தார்கள். இரும்பைக் கொடுத்துச் சங்கிலியை வாங்கிப் போக இடைத்தரகர்கள் இருந்தார்கள். கூலி எவ்வளவு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எதிரணி கேட்கும் சந்தை அங்கே முழுதாக இருந்தது. கூலி அடிமாட்டு விலையில் கிடந்தது.

1909-இல் பிரிட்டனில் தொழில் வாரியச் சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் பொதுவுடைமைக்காரர் இல்லை. அன்று வர்த்தக வாரியத்தின் தலைவராக இருந்த அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். நல்ல முதலாளியை மோசமான முதலாளி விலையில் அடித்து வீழ்த்துகிறான், மோசமானவனை அவனைவிட மோசமானவன் வீழ்த்துகிறான் என்பதுதான் நாடாளுமன்றத்தில் அவர் சொன்ன காரணம். அந்தச் சட்டத்தின்படி அமைந்த வாரியம் 1910-இல் கையால் சங்கிலி அடிக்கும் பெண்களுக்கு மணிக்கு இரண்டரைப் பென்னி என்று நிர்ணயித்தது. பலருக்கு அது அதுவரை கிடைத்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. தொழிலாளி எழுத்துமூலமாகச் சம்மதித்தால் ஆறு மாதத்துக்குப் பழைய கூலியே கொடுக்கலாம். உடனே படிவங்களை நீட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர் என்ன ஏது என்று தெரியாமலே அதில் குறி போட்டுக் கொடுத்தார்கள். மறுத்தவர்களுக்கு வேலை நிறுத்தப்பட்டது. நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் புனிதமாகச் சொன்ன அந்தச் சம்மதம் தாளில் இப்படித்தான் இருந்தது.

அப்புறம் அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. மேரி மெக்கார்தர் என்ற தொழிற்சங்கத் தலைவியின் பின்னால் நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள். பத்து வாரம் உலை எரியவில்லை. நாடு முழுக்கப் பொதுமக்கள் நிதி அனுப்பினார்கள். 1910 அக்டோபர் 22 அன்று கடைசி முதலாளியும் புதிய கூலிக்கு ஒப்புக்கொண்டார். வந்த நிதியில் மிச்சம் இருந்ததை வைத்து அந்த ஊரில் தொழிலாளர்களுக்கென்று ஒரு மன்றமே கட்டினார்கள். இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான்: அந்தப் பத்து வாரமும் அவர்களால் தாங்க முடிந்தது ஊரார் கொடுத்த பணத்தால். அந்தப் பணம் இல்லாதிருந்தால் இரண்டாவது வாரமே பழைய கூலிக்குத் திரும்பியிருப்பார்கள். அதையும் சம்மதம் என்றே கணக்கில் எழுதியிருப்பார்கள்.

இந்த விஷயத்தைத் தெளிவாகச் சொன்னவர் எதிரணி தங்கள் மூலவராகக் கொண்டாடும் ஆதம் ஸ்மித்தேதான். 1776-இலேயே எழுதிவிட்டார். முதலாளி ஒரு தொழிலாளியைக்கூட வேலைக்கு வைக்காமல், சேர்த்து வைத்ததைக் கொண்டு ஓரிரு ஆண்டு ஓட்டிவிடுவார். தொழிலாளிகளில் பலரால் வேலையில்லாமல் ஒரு வாரம் ஓட்ட முடியாது. நீண்ட காலத்தில் இருவருக்கும் இருவர் தேவைதான், ஆனால் அவசரம் ஒருவருக்குத்தான் என்றார் ஸ்மித். அதோடு விடவில்லை. கூலியை ஏற்றக் கூடாது என்று முதலாளிகள் எங்கும் எப்போதும் தங்களுக்குள் சத்தமில்லாத ஓர் உடன்பாட்டில் இருக்கிறார்கள் என்றும் எழுதினார்.

அது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி ஆகிய நிறுவனங்கள், ஒருவர் ஊழியரை இன்னொருவர் கூப்பிடக் கூடாது என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன என்று அவற்றின் பொறியாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-இல் அந்த நான்கு நிறுவனங்களும் 41.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன. உலகத்திலேயே அதிகம் தேடப்படும் திறமைசாலிகளுக்கே சந்தையில் இந்த நிலை. அப்படியென்றால் தரை துடைப்பவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் என்ன பேரம் பேசும் வலிமை இருக்கும்? கடையில் சரக்கு இன்று விற்காவிட்டால் நாளை விற்கலாம். இன்று விற்காத உழைப்பை நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. பசிக்கும் தவணை சொல்ல முடியாது.

சரி, வேலை போய்விடும் என்ற வாதத்துக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் கரும்பலகையில் தேவை, அளிப்பு என்று போடும் இரண்டு கோடுகளை நம்பிப் பேசினார். நானும் ஒரு கணக்குப் போடுகிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு நிறுவனத்தில் 10 பேர், ஆளுக்கு நாள்கூலி 100. ஒவ்வொருவர் உழைப்பாலும் 150 வருமானம் வருகிறது. இன்னொரு ஆள் வேண்டும். அவர் 110 கொடுத்தால்தான் வருவார். புதியவருக்கு 110 கொடுத்தால் ஏற்கெனவே இருக்கும் 10 பேரும் எங்களுக்கும் கொடு என்பார்கள். ஆக அந்தப் பதினோராவது ஆளுக்கு ஆகும் செலவு அவர் கூலி 110, மற்றவர்களுக்கு ஏற்றிக்கொடுக்கும் 100, மொத்தம் 210. அவரால் வருவதோ 150. முதலாளி கணக்குப் பார்த்து ஆளே வேண்டாம் என்று இருந்துவிடுகிறார். இப்போது குறைந்தபட்சக் கூலி 110 என்று சட்டம் வருகிறது. பத்துப் பேருக்கும் எப்படியும் 110 கொடுத்தே ஆக வேண்டும். பதினோராவது ஆளுக்கு இப்போது ஆகும் கூடுதல் செலவு வெறும் 110. வருவது 150. ஆள் எடுக்கிறார். கூலியும் ஏறியது, வேலையும் கூடியது. உழைப்பை வாங்குபவர் கை ஓங்கிய சந்தையில் இப்படி நடக்கும் என்று ஜோன் ராபின்சன் என்ற பொருளாதார அறிஞர் 1933-இலேயே விளக்கிவிட்டார்.

நடைமுறையில் நடந்ததா என்று கேட்பீர்கள். 1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக ஏற்றியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா ஏற்றவில்லை. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இரு பக்கத்திலும் 410 துரித உணவகங்களில் சட்டத்துக்கு முன்னும் பின்னும் கணக்கெடுத்தார்கள். நியூ ஜெர்சியில் வேலைகள் குறையவில்லை. 1994-இல் முடிவு வெளியானபோது பெரிய சண்டையே நடந்தது. வேறு சம்பளப் பதிவேடுகளை எடுத்து வைத்து மறுத்தவர்களும் உண்டு. அதை மறைக்க நான் வரவில்லை. அதனால்தான் ஒரே ஓர் ஆய்வோடு நிற்கவில்லை. 1979 முதல் 2016 வரை அமெரிக்க மாநிலங்களில் நடந்த 138 கூலி உயர்வுகளை ஒன்றாக எடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. புதிய வரம்புக்குக் கீழே எவ்வளவு வேலைகள் மறைந்தனவோ, ஏறக்குறைய அவ்வளவு வேலைகள் வரம்பிலும் அதற்குச் சற்று மேலும் வந்து நின்றன. போய்விட்டதாகச் சொன்ன வேலைகள் அதிகச் சம்பளத்தோடு அங்கேயே இருந்தன. கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. க்ரூகர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

ஜெர்மனியிலும் இதே பயம் காட்டினார்கள். 2015 ஜனவரியில் அங்கே முதன்முறையாக நாடு முழுவதற்கும் மணிக்கு 8.50 யூரோ என்று வந்தபோது, லட்சக்கணக்கில் வேலைகள் போகும் என்று எச்சரித்தார்கள். போகவில்லை. ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்: தொழிலாளிகள் சிறிய, உற்பத்தித் திறன் குறைந்த நிறுவனங்களிலிருந்து பெரிய, திறன் கூடிய நிறுவனங்களுக்கு நகர்ந்தார்கள். சில சிறு நிறுவனங்களுக்கு இது வலித்திருக்கும். அந்த வலியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆளை அரைப்பட்டினி போட்டால்தான் ஒரு தொழில் ஓடும் என்றால், அந்தத் தொழிலைத் தாங்கிப் பிடிக்கும் பொறுப்பை அந்த ஆளின் தலையில் மட்டும் ஏன் வைக்க வேண்டும்?

எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாமா? ஏற்றக் கூடாது. என் கணக்கிலேயே கூலியை 160 என்று வைத்துப் பாருங்கள், பத்துப் பேருக்கும் வேலை போகும். 1938-இல் அமெரிக்கா மணிக்கு 25 சென்ட் என்று சட்டம் போட்டு, தன் ஆட்சியில் இருந்த, கூலி அதைவிட மிகவும் கீழே கிடந்த போர்ட்டோ ரிக்கோ தீவிலும் அதையே அமல்படுத்தியது. அங்கே தையல் வேலைகள் போயின. 1940-இல் சட்டத்தைத் திருத்தி, அந்தத் தீவுக்கென்று தொழில்வாரியாகக் குழு போட்டுக் கூலியை நிர்ணயிக்க வழி செய்தார்கள். அளவு தவறினால் கெடுதல் வரும், அளவைத் திருத்தவும் முடியும். பிரிட்டனில் 1999-இல் மணிக்கு 3.60 பவுண்டு என்று தொடங்கியபோது அதைப் பரிந்துரைத்த ஆணையத்தில் முதலாளிகள் தரப்பும் இருந்தது, தொழிலாளர் தரப்பும் இருந்தது, சுயேச்சையான அறிஞர்களும் இருந்தார்கள். சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த கன்சர்வேடிவ் கட்சி பிறகு அதை ஏற்றுக்கொண்டது மட்டுமில்லை, 2015-இல் அவர்களுடைய நிதியமைச்சரே இன்னும் பெரிய உயர்வை அறிவித்தார்.

இப்போது அந்த ஏழை இளைஞர். இந்தச் சட்டம் திறமை குறைந்தவர்களையும் கறுப்பின இளைஞர்களையும்தான் அதிகம் பாதிக்கிறது என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் பல ஆண்டுகள் பேசினார். 1938 சட்டம் விவசாய வேலை, உணவகம், விடுதி, சலவைத் தொழில் போன்றவற்றை வெளியே விட்டிருந்தது. கறுப்பினத் தொழிலாளிகள் அதிகம் இருந்தது அங்கேதான். அதாவது ஃப்ரீட்மன் கேட்ட பாதுகாப்பு, சட்டமே தொடாத பாதுகாப்பு, அவர்களுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கிடைத்தது. அந்தச் சுதந்திரம் அவர்களை உயர்த்தியதா? 1966 திருத்தம் அந்தத் தொழில்களை உள்ளே கொண்டுவந்தது, 1967-இல் அமலானது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது: அந்தக் காலத்தில் கறுப்பின, வெள்ளையினத் தொழிலாளிகளின் வருமான இடைவெளி குறைந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு திருத்தத்தால் வந்தது. வேலைவாய்ப்பில் குறிப்பிடும்படியான இழப்பு இல்லை.

சுவீடனிலும் டென்மார்க்கிலும் இப்படி ஒரு சட்டமே இல்லையே என்று அடுத்தவர் கேட்கலாம். உண்மைதான், இல்லை. அங்கே பெரும்பாலான தொழிலாளிகளின் கூலியைத் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடுகின்றன. அந்த அளவுக்குத் தொழிற்சங்கங்களை வளர விட எதிரணி தயார் என்றால் இந்த மேடையிலேயே கைகுலுக்கிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையில் 7.25 டாலர் ஆனது. அதன் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சென்ட்கூட ஏறவில்லை. விலைவாசி நிற்கவில்லை. 2020-இல் அந்த நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம், உணவு உதவியும் மருத்துவ உதவியும் பெறுபவர்களில் வேலைக்குப் போகும் பெரியவர்களை ஆராய்ந்தது. அவர்களில் ஏறத்தாழ 10 பேரில் 7 பேர் வாரம் 35 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்கள். முழு வேலை பார்த்தும் சாப்பாட்டுக்கு அரசிடம் கையேந்த வேண்டியிருக்கிறது. அந்தக் கூலியில் விழும் துண்டை வரி கட்டும் மற்ற எல்லோரும் சேர்ந்து நிரப்புகிறார்கள். அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 1937-இல், ஒரு விடுதிப் பணிப்பெண் தொடுத்த கூலி வழக்கில் இதைத்தான் சொன்னது: வாழப் போதாத கூலி கொடுக்கும் முதலாளிக்கு ஊரார் மானியம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எனக்கு அடுத்து வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும். கூலியில் அரசு தலையிடவே கூடாது என்றால், அந்த உணவு உதவியையும் நிறுத்தச் சொல்வாரா? நிறுத்திவிட்டால், அதே கூலிக்கு அதே ஆள் மறுநாள் காலையில் வேலைக்கு வந்து நிற்க முடியுமா?

நன்றி, வணக்கம்.