அஸ்ஸியா ஜெபார்: ஆவணமும் வாய்மொழியும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரெஞ்சு மொழியில் எழுதிய அல்ஜீரியக் கவிஞரும் நாவலாசிரியருமான அஸ்ஸியா ஜெபாரைப் பற்றி இன்று பேசுகிறேன். அவருடைய நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வதை விட, அவரது வாழ்க்கையில் விழுந்த ஒரு நீண்ட இடைவெளியைப் பற்றிப் பேசுவது பயன்தரும் என்று எண்ணுகிறேன். 1957 முதல் 1967 வரை நான்கு நாவல்கள், 1969இல் 'மகிழ்ச்சியான அல்ஜீரியாவுக்குக் கவிதைகள்' என்ற தொகுப்பு என்று எழுதிக் குவித்தவர், அதற்குப் பின் 1980 வரை ஒரு நூலும் வெளியிடவில்லை. மீண்டும் எழுத வந்தபோது அவருடைய எழுத்து அடியோடு மாறியிருந்தது. நடுவில் என்ன நடந்தது?

பாத்மா ஸோரா இமலாயென் என்பது அவருடைய இயற்பெயர். 1936ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று, அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸுக்கு மேற்கே உள்ள ஷெர்ஷெல் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தை தாஹர் பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர். உறவுக்காரப் பெண்பிள்ளைகள் பருவமெய்தியதும் வீட்டுக்குள் அடைக்கப்பட்ட காலத்தில், தந்தை மகளின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அந்தத் தந்தை வெளியூர் சென்றிருந்தபோது வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பினார். பெறுநர் பெயராக மனைவியின் பெயரையே எழுதியிருந்தார். தபால்காரர் கையில் மனைவியின் பெயரா என்று உறவுப் பெண்கள் அதிர்ந்துபோனார்கள். அந்தச் சமூகத்தில் கணவன் மனைவியின் பெயரைச் சொல்வதில்லை. மனைவியும் கணவனை 'அவர்' என்றுதான் குறிப்பிடுவாள். புருஷன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்ட பாட்டிமார்களைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதே தந்தைதான், பதினேழு வயது மகளுக்கு முன்பின் தெரியாத ஓர் இளைஞன் எழுதிய கடிதத்தைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். பிரெஞ்சு மொழி அவளுக்கு வாசலைத் திறந்துவிட்டது. எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தந்தை தீர்மானித்தார்.

1955இல் பாரிஸுக்கு அருகே செவ்ரில் இருந்த புகழ்பெற்ற உயர்கல்விக் கழகத்தில் இடம்பெற்ற முதல் அல்ஜீரியப் பெண் அவரே. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. 1956இல் அல்ஜீரிய மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவரும் தேர்வு எழுதவில்லை. அந்த நாட்களில்தான் 'தாகம்' என்ற முதல் நாவலை எழுதி முடித்தார். குடும்பத்துக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அஸ்ஸியா ஜெபார் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். நாடு தீப்பற்றி எரியும்போது காதலும் பொறாமையும் பற்றியா எழுதுவது என்று சில தேசியவாதிகள் சினந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் தன் உடலையும் தன் ஆசையையும் பற்றி ஒரு பெண் எழுதுவது அரசியல் ஆகாது என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ!

போரின்போது அண்டை நாடான துனிசியாவின் தலைநகர் துனிஸில் அகதிப் பெண்களைச் சந்தித்துப் பத்திரிகைக்கு எழுதினார். 1962இல் நாடு விடுதலை பெற்றதும் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தார். பிறகுதான் அந்த மௌனம் வந்தது. நாவலுக்குள் தன் சொந்த வாழ்க்கை எட்டிப்பார்க்கத் தொடங்கியதைக் கண்டு தயங்கியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மொழிச் சிக்கலும் இருந்தது. இலக்கிய அரபியில் எழுதும் தேர்ச்சி அவருக்கு இல்லை. எழுத வந்த பிரெஞ்சோ, தன் மக்களை நூற்று முப்பது ஆண்டுகள் ஆண்டவர்களின் மொழி.

இதிலிருந்து அவரை மீட்டது சினிமா. அல்ஜீரியத் தொலைக்காட்சிக்காக, தாய்வழி உறவினர் வாழ்ந்த ஷெனுவா மலைப் பகுதிக்குச் சென்று, போர்க்காலத்தை வாழ்ந்து பார்த்த கிழவிகளிடம் அவர்களுடைய அரபுப் பேச்சிலேயே கதை கேட்டுப் பதிவு செய்தார். போராளிகளுக்குச் சோறு சமைத்தவர்கள், வீடு எரிக்கப்பட்டவர்கள், மகனைப் பறிகொடுத்தவர்கள் எல்லாரும் பேசினார்கள். 'ஷெனுவா மலைப் பெண்களின் நூபா' (நூபா என்பது ஒரு மரபிசை வடிவம்) என்ற அந்தப் படத்தில் கணவன் சக்கர நாற்காலியில் வாய்பேசாமல் அமர்ந்திருக்கிறான். மனைவி வெளியே சென்று பெண்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அல்ஜீரியாவில் எதிர்ப்புக்கு ஆளான படம், 1979இல் வெனிஸ் திரைப்பட விழாவில் விமர்சகர்களின் பரிசைப் பெற்றது. என் கணிப்பில் ஜெபாரின் இலக்கிய வாழ்வு இரண்டாம் முறை தொடங்கியது இந்த ஒலிநாடாக்களில்தான். எழுதுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பதை அவர் அங்கே கற்றுக்கொண்டார்.

1980இல் வந்த கதைத் தொகுதி ஓவியர் தெலக்ருவாவின் 'அல்ஜியர்ஸ் பெண்கள் தம் அறையில்' என்ற ஓவியத்தின் பெயரையே தாங்கியது. 1832இல் ஒரு வீட்டின் உள்ளறைக்குள் சிறிது நேரம் நுழைந்து பார்க்க அனுமதி பெற்ற அந்நிய ஆண் தீட்டிய ஓவியம் அது. அதில் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களின் பேச்சு இல்லை. கதைகளில் ஜெபார் அந்தப் பேச்சைக் கொண்டுவந்து வைத்தார்.

எல்லாம் கூடிவந்த நூல் 1985இல் வெளியான 'லாமூர், லா ஃபான்தாசியா' ('காதல், குதிரைவீரர் சாகசம்') என்ற நாவல். 1830இல் பிரெஞ்சுக் கப்பற்படை அல்ஜியர்ஸைத் தாக்க வந்த விடியற்காலை, ஒரு சிறுமியின் பள்ளிக்கூட நாட்கள், மலைப் பெண்களின் வாக்குமூலங்கள் ஆகியவை மாறிமாறி வருகின்றன. சில பக்கங்கள் உரைநடையா கவிதையா என்று பிரிக்க முடியாதபடி இருக்கும். கவிதைத் தொகுப்பு ஒன்றோடு நின்றாலும் கவிஞர் அவரை விட்டுப் போகவில்லை என்பதற்கு அவையே சாட்சி.

அதில் ஓர் அத்தியாயத்தை மட்டும் சற்று அருகில் பார்க்கலாம். 1845 ஜூனில், தஹ்ரா மலைக் குகைகளில் தஞ்சம் புகுந்த ஊலாத் ரியா குலத்தாரை, குகை வாயிலில் இரவெல்லாம் தீ மூட்டிப் புகையாலேயே கொன்றார் தளபதி பெலிசியே. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் ஆடுமாடுகளோடு மூச்சுத் திணறிச் செத்தார்கள். பெலிசியே நடந்ததை விரிவாக அறிக்கை எழுதினார். அது பாரிஸுக்குப் போய்ப் பெரும் கூச்சலைக் கிளப்பியது. இரண்டு மாதம் கழித்து செந்த் ஆர்னோ என்ற அதிகாரி மற்றொரு குலத்தாரைக் குகைக்குள்ளேயே வைத்து அடைத்துவிட்டு, வெளியே மூச்சுவிடாமல், மேலதிகாரிக்கு இரகசிய அறிக்கையிலும் தன் சகோதரனுக்குக் கடிதத்திலும் மட்டும் தெரிவித்தார். ஜெபார் இருவரையும் அருகருகே நிறுத்தி, கொலைகாரனாக இருந்தும் எழுதி வைத்தவனுக்கு நன்றி சொல்லக்கூடத் துணிகிறார். படிக்கும்போது நெஞ்சு கொதிக்கத்தான் செய்கிறது. ஆனால் பெலிசியேயின் அறிக்கை இல்லையென்றால் அந்தப் பிணங்களுக்கு இவ்வளவு விரிவான ஆதாரம் மிஞ்சியிருக்காது என்பதை வரலாற்று ஆசிரியையான அவர் அறிவார். எதிரியின் மொழியில் எதிரியே எழுதியதை எடுத்து, எதிரி கணக்கில் சேர்க்காதவர்களின் பக்கம் திருப்பிவிடுகிறார். அதே நூலில், உடன்பிறந்தவனைப் படைவீரர்கள் கொன்றுவிட, மரத்தில் ஏறி ஒளிந்துகொண்ட பதின்மூன்று வயதுச் சிறுமி ஷெரிஃபா, வளர்ந்து முதியவளாகி, தன் கதையைத் தானே சொல்கிறாள். தளபதியின் அறிக்கைக்கும் ஷெரிஃபாவின் பேச்சுக்கும் ஒரே மதிப்பு கொடுக்கிறது நாவல்.

இந்த முறையை அவர் சமய வரலாற்றிலும் கையாண்டார். 1988 அக்டோபரில் அல்ஜியர்ஸ் தெருக்களில் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பின் எழுதத் தொடங்கி, 1991இல் வெளியிட்ட 'மதீனாவிலிருந்து தொலைவில்' என்ற நாவலுக்காக, இப்னு ஹிஷாம், தபரி முதலிய பழைய இஸ்லாமிய வரலாற்றாசிரியர்களைப் புரட்டினார். அவர்கள் ஓரிரு வரிகளில் கடந்துபோன பெண்களை முன்னிலைப்படுத்தினார். தந்தை நபிகள் மறைந்தபின் தன் உரிமைக்காக வாதாடும் பாத்திமா அதில் மறக்க முடியாத பாத்திரம். அடுத்து வந்த ஆண்டுகளில் அல்ஜீரியாவின் உள்நாட்டுப் போரில் எழுத்தாளர்களும் அறிஞர்களும் கொல்லப்பட்டார்கள். அவருடைய கணவரின் சகோதரரான நாடகாசிரியர் அப்தெல்காதர் அலூலா 1994இல் ஒரான் நகரில் சுடப்பட்டு இறந்தார். 1996இல் வந்த 'அல்ஜீரியாவின் வெண்மை' அந்த மரணங்களுக்கான இரங்கற்பா என்றே சொல்லலாம்.

பட்டங்களும் பரிசுகளும் பல. 2005இல், பிரெஞ்சு மொழியைக் காக்கும் அவையான பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; வட ஆப்பிரிக்காவின் மக்ரெப் பகுதியிலிருந்து அந்த அவைக்குப் போன முதல் எழுத்தாளர் அவர்தான். காலனியாட்சியின் நற்பணிகளைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று பிரான்ஸில் சட்டம் இயற்றிய ஆண்டு அது. 2006 ஜூன் 22 அன்று ஏற்புரை நிகழ்த்திய ஜெபார், தம் முன்னோர் நான்கு தலைமுறைகளாக அனுபவித்த காலனியாட்சி ஒரு மாபெரும் காயம் என்று அந்த அவையிலேயே, அவர்கள் மொழியிலேயே சொன்னார். 2015 பிப்ரவரி 6 அன்று பாரிஸில் காலமானார். ஷெர்ஷெலில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவரைப் படிக்க விரும்பும் நேயர்களுக்கு அவருடைய முக்கிய நூல்கள் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. 1980ஆம் ஆண்டுக் கதைத் தொகுதியிலிருந்து தொடங்குவது எளிது. 'லாமூர், லா ஃபான்தாசியா'வின் முதல் ஐம்பது பக்கங்கள் பொறுமையைச் சோதிக்கும். ஆண்டுகள் முன்னும் பின்னும் தாவும். தஹ்ரா அத்தியாயம் வரையாவது விடாமல் படியுங்கள். நன்றி, வணக்கம்.