மொரீஷியஸ்ல ரூம் போடறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம்னு பாருங்க

[திரையில்: சாயங்காலக் கடற்கரை, சவுக்கு மரங்கள், தரையில் துணி விரித்துச் சாப்பிடும் குடும்பங்கள்]

வணக்கம். நான் மொரீஷியஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. வீடு காத்ர் போர்ன்ல. ஊர்ல யாராவது இங்க வர டிக்கெட் போட்டா அடுத்த போன் எனக்குத்தான் வரும். எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான்: "எந்த ஹோட்டல் நல்லா இருக்கும்?" நானும் பதிலுக்கு ஒண்ணுதான் கேப்பேன்: "எந்த மாசம் வர்றீங்க?"

இப்படிக் கேக்கணும்னு எனக்கே லேட்டாத்தான் புரிஞ்சது. மூணு வருஷம் முன்னாடி எங்க அக்கா குடும்பம் ஜூலையில வந்தாங்க. அத்தான் மதுரையில உக்காந்து போட்டோ பாத்து, கிழக்குக் கரையில பெல் மார் பக்கம் ஆறு ராத்திரிக்கு ரூம் போட்டுட்டார். போட்டோவுல ஒரு பொய்யும் இல்ல. மணல் மாவு மாதிரிதான் இருக்கு, தண்ணியும் அந்த நிறம்தான். ஆனா போட்டோவுல காத்து தெரியாதே. முதல் நாள் காலையில வெளியில டிபன் சாப்பிட உக்காந்தாங்களாம். முதல்ல டிஷ்யூ பேப்பர் பறந்தது, அப்புறம் அத்தானோட தொப்பி. கடலோரம் நடந்தா கணுக்கால்ல மணல் ஊசி ஊசியா குத்துது. ரெண்டாவது நாள் மத்தியானம் அக்கா போன் பண்ணினா. "ஏண்டி, இது கடலா இல்ல பேன் கடையா?"

அதே நேரம் நான் மேற்குக் கரையில, ஃப்ளிக் அன் ஃப்ளாக்ல நின்னுட்டு இருந்தேன். கடல் தாம்பாளத்துல ஊத்தின தண்ணி மாதிரி அசையாம கிடந்தது.

[திரையில்: தீவின் வரைபடம். தென்கிழக்கிலிருந்து அம்புக்குறிகள் பாய்கின்றன]

இதுக்குக் காரணம் ரொம்ப எளிசு. இந்தத் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கு. அதனால நம்ம ஊர்ல வெயில் கொளுத்தற மே மாசத்துல இங்க குளிர்காலம் ஆரம்பிக்கும், அக்டோபர் வரைக்கும் போகும். அந்த மாசங்கள்ல தென்கிழக்குல இருந்து காத்து விடாம வீசும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல ரொம்ப பலமா இருக்கும். அது நேரா மோதற இடம் கிழக்கும் தெற்கும். நடுவுல மேட்டு நிலமும் மலையும் இருக்கறதால மேகம் ஏறி அங்கேயே மழையைக் கொட்டிடும். மேட்டு நிலத்துல இருக்கிற கியூர்பிப் ஊர்க்காரங்க குடை இல்லாம வாசல் தாண்ட மாட்டாங்க. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேற்குக்கு மழையும் கம்மி, காத்தும் கம்மி.

நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் கணக்கு தலைகீழ். அப்போ மேற்குல புழுங்கும், மத்தியானம் மணல்ல கால் வைக்க முடியாது. கிழக்குல வர்ற அதே காத்து அப்போ வரம். ஆனா ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் புயல் வரலாம். இங்க புயல் எச்சரிக்கை ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் படிப்படியா ஏறும். மூணு வந்துட்டா ஊரே கதவைச் சாத்திக்கும், நீங்களும் ஹோட்டலுக்குள்ளதான். அந்த மாசங்கள்ல வந்தே ஆகணும்னா கேன்சல் பண்ணிக்கிற மாதிரி புக்கிங் போடுங்க.

[திரையில்: வரைபடம், வடக்குப் பகுதி பெரிதாகிறது]

இப்போ கரை கரையா பாப்போம். வடக்குல கிராண்ட் பே, பெரெபேர், த்ரூ ஓ பீஷ். கடை, சாப்பாடு, ராத்திரி வெளிச்சம் எல்லாம் நடந்து போற தூரத்துல வேணும்னா இங்கதான். முதல் தடவை வர்றவங்களுக்கு, வண்டி ஓட்டத் தயங்கறவங்களுக்கு வடக்கு சரி. த்ரூ ஓ பீஷ்ல கடல் ஆழமே இல்லாம நெடுந்தூரம் போகும், சின்னப் பிள்ளைங்க விளையாடலாம். கிராண்ட் பேயை எனக்குப் பெருசா பிடிக்காது, அது வேற விஷயம்.

மேற்குல ஃப்ளிக் அன் ஃப்ளாக், தமரேன், தென்மேற்கு முனையில லெ மோர்ன். குளிர்காலத்துக்கு என் ஓட்டு இங்கதான், லெ மோர்ன் முனையில மட்டும் காத்து பலமா இருக்கும். சூரியன் கடல்ல இறங்கறதைப் பாக்கணும்னாலும் இந்தக் கரைதான். ஜூலையில ஆறு மணிக்கு முன்னாடியே சூரியன் இறங்கிடும், மறந்துடாதீங்க.

கிழக்கு பெல் மார். கடற்கரைன்னு பாத்தா தீவுலேயே அழகு அதுதான்னு சொல்வேன், இங்கத்த கோடையில, அதாவது நவம்பர்ல இருந்து ஏப்ரலுக்குள்ள வந்தா.

தென்கிழக்கு மாயேபூர், ப்ளூ பே. விமான நிலையம் இந்தப் பக்கம்தான் இருக்கு, இது பலபேருக்குத் தெரியறதில்ல. ப்ளூ பே கடல் பூங்காவுல கண்ணாடி அடிப் படகுல போனா பவளம் காலடியில தெரியும். இந்தக் கரைக்குப் பக்கத்துலதான் 2020 ஜூலையில வகாஷியோன்னு ஒரு கப்பல் பவளப்பாறையில ஏறி, ஆகஸ்ட்ல எண்ணெய் கொட்டினது. அப்போ ஊர் சனம் கரும்புத் தோகையைத் துணிக்குள்ள அடைச்சு, நீள நீளமா தைச்சு கடல்ல மிதக்க விட்டாங்க, எண்ணெய் கரைக்கு வராம தடுக்க. என் மாமியாரும் மாயேபூர்ல போய் மூணு நாள் தைச்சாங்க. விரல்ல கரும்புத் தோகை கிழிச்ச தழும்பு இன்னும் இருக்கு.

[திரையில்: விமான நிலையத்திலிருந்து கிராண்ட் பேக்கு ஒரு சிவப்புக் கோடு]

தீவு நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. இதைப் பாத்துட்டு "ஒரே ஹோட்டல்ல இருந்து எல்லாத்தையும் சுத்திடலாம்"னு நினைப்பாங்க. விமான நிலையம் தென்கிழக்குல, கிராண்ட் பே வடக்குல, நடுவுல தலைநகர் போர்ட் லூயி. ஆபீஸ் நேரத்துல அந்த ஊரைத் தாண்டறதுக்குள்ள கழுத்து வலி வந்துடும். அதனால ஏழு ராத்திரின்னா ரெண்டு இடமா பிரிச்சுக்கோங்க. குளிர்காலத்துல நாலு நாள் மேற்கு, கடைசி மூணு நாள் ப்ளூ பே. ப்ளூ பேல காத்து கொஞ்சம் இருக்கும், ஆனா திரும்பற அன்னிக்கு விடிகாலை விமானத்துக்கு கால் மணி நேரத்துல போயிடலாம். பொட்டி கட்டி இடம் மாறணுமேன்னு அலுப்பா இருக்கும், மாறுங்க.

வண்டி எடுத்தா நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும். டாக்ஸியில ஏறும் முன்னாடியே வாடகையைப் பேசிடுங்க, நாள் வாடகைக்குப் பேசினா கட்டுப்படியாகும். பஸ் எல்லா ஊருக்கும் உண்டு, சாயங்காலத்தோட குறைஞ்சிடும். மெட்ரோ போர்ட் லூயியில இருந்து காத்ர் போர்ன் வழியா கியூர்பிப் வரைக்கும் போகுது, கடற்கரைக்கோ விமான நிலையத்துக்கோ போகாது.

[திரையில்: கடற்கரை, பின்னால் ஹோட்டல் வேலி]

பணம் மிச்சமாகிற விஷயம் ஒண்ணு. இங்க கடற்கரை யாருக்கும் சொந்தம் இல்ல. அலை ஏறி நனைக்கிற கோடு வரைக்கும் எல்லாருக்கும் பொது, அஞ்சு நட்சத்திர ஹோட்டல் வாசல்ல இருந்தாலும் சரி. அதனால கடலைப் பாத்த மாதிரி ரூமுக்கு ரெட்டிப்புக் காசு கொடுக்கணும்னு இல்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சமையலறையோட ஒரு அபார்ட்மென்ட் எடுத்துட்டு, ரெண்டு நிமிஷம் நடந்து அதே கடல்ல குளிக்கலாம். சைவம் சாப்பிடற குடும்பங்களுக்கு நான் இதைத்தான் சொல்றேன். அரிசி, பருப்பு, கறிவேப்பிலை, முருங்கைக்கீரை எல்லாமே சந்தையில கிடைக்கும். மாமியார் முருங்கைக்கீரையை "ப்ரெத் முரூம்"னுவாங்க, பீர்க்கங்காயை "பிபங்காய்"னுவாங்க, ரசத்தை "ரசோன்"னுவாங்க. இங்க இருக்கிற தமிழ்க் குடும்பங்கள்ல பெரும்பாலும் பேச்சு கிரியோல்தான், பிரெஞ்சுல இருந்து வந்த இங்கத்த மொழி. தமிழ் சாப்பாட்டுலயும் கோயில்லயும் தங்கியிருக்கு.

ஹோட்டல்தான் வேணும்னா, ராத்திரிச் சாப்பாட்டையும் சேர்த்து வாங்கணுமான்னு கேப்பாங்க. லெ மோர்ன், பெல் மார் மாதிரி தனியா இருக்கிற இடம்னா வாங்குங்க, ராத்திரி எட்டு மணிக்கு வெளியில போய்ச் சாப்பிட பஸ் இருக்காது. கிராண்ட் பே, ஃப்ளிக் அன் ஃப்ளாக்னா காலை டிபன் மட்டும் போதும்.

[திரையில்: தண்ணீருக்குள் பாறை. அதில் ஒரு மீன் இருப்பது மெதுவாகத்தான் தெரிகிறது]

கடலுக்குள்ள இறங்க ரப்பர் செருப்பு கட்டாயம் வாங்குங்க. தீவைச் சுத்திப் பெரும்பாலும் பவளப்பாறை அரண் மாதிரி நிக்குது, அதுக்கு உள்ள தண்ணி குளம் மாதிரி. ஆனா தரையில முள்ளெலி மாதிரி உடம்பெல்லாம் முள்ளா இருக்கிற கடல் உயிரி கிடக்கும், கல்லு மாதிரியே கிடக்கிற விஷ மீனும் உண்டு. தெற்குல க்ரி க்ரின்னு ஒரு இடத்துல அந்த அரண் இல்ல. அலை நேரா பாறையில வந்து அடிக்கும். நின்னு பாருங்க, இறங்காதீங்க.

டால்ஃபின் பாக்கற பயணம் தமரேன்ல விடிகாலையில கிளம்பும். பத்துப் பதினஞ்சு படகு ஒரு டால்ஃபின் கூட்டத்தைத் துரத்தறதை ஒரு தடவை பாத்தேன், அப்புறம் போகல. போனா படகுலேயே இருந்து பாத்துட்டு வாங்க, குதிக்காதீங்க.

[திரையில்: மேட்டு நில ரோடு, பனி, தேயிலைத் தோட்டம்]

மலைப் பக்கத்துக்கு ஒரு முழு நாள் வைங்க. கிராண்ட் பாசென் ஏரிக்கரையில 33 மீட்டர் உயர சிவன் நிக்கிறார். அங்கிருந்து பிளாக் ரிவர் மலைக்காடு, அப்புறம் சாமரெல். அங்க இருக்கிற ஏழு நிற மண் எரிமலைப் பாறை மக்கி வந்தது. அதுல இருக்கிற இரும்புச் சத்துதான் சிவப்பு. மழை விட்ட பிறகு வெயில் அடிக்கிறப்போ பாத்தா நிறம் பளிச்சுனு இருக்கும், மேகமா இருந்தா சாதா மண்மேடு. இருபது நிமிஷம் தாராளம். ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, கடற்கரையில சிரிச்சவங்கல்லாம் மேல போய் நடுங்குவாங்க.

லெ மோர்ன் மலை 556 மீட்டர். தப்பி வந்த அடிமைகள் ஒளிஞ்சிருந்த மலை, 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்தது. காலையில ஆறு மணிக்கே ஏற ஆரம்பிங்க. பாதி வரைக்கும் சாதாரண பாதை, அதுக்கு மேல கையை ஊனி ஏறணும். பாதியிலேயே கடல் முழுசும் தெரியும், திரும்பி வந்தா ஒண்ணும் குறைஞ்சு போகாது.

[திரையில்: கல் படிகள், மெதுவாகக் கேமரா மேலே ஏறுகிறது]

போர்ட் லூயிக்கு ஒரு காலைப்பொழுது. ஆப்ரவாசி காட்ல 16 படி. 1834ல இருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவங்க கப்பல்ல இருந்து இறங்கி ஏறின இடம். தமிழங்க அதுக்கும் முன்னாடியே, பிரெஞ்சுக்காரங்க காலத்துல பாண்டிச்சேரியில இருந்து கொத்தனாரா, தச்சரா வந்திருக்காங்க. படியைப் பாத்துட்டு நடந்தா மார்க்கெட். ஒரு டம்ளர் அலூதா குடிங்க, ஜிகர்தண்டாவோட தூரத்துச் சொந்தம். காசு கொடுக்கும்போது நோட்டைப் பாருங்க, தமிழ் எழுத்து இருக்கும். நூறு ரூபாய் நோட்டுல இருக்கிற முகம் ரங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்சாவளி வக்கீல், அமைச்சரா இருந்தவர்.

தைப்பூசம் இங்க அரசு விடுமுறை. காத்ர் போர்ன்ல மலைச் சரிவுல இருக்கிற முருகன் கோயிலுக்கு காவடி போற அன்னிக்கு ரோடு மஞ்சளும் ரோஸுமா இருக்கும். அன்னிக்குக் கோயில்ல வாழை இலையில "செத் காரி" போடுவாங்க, ஏழு கறி. பலாக்காய், பூசணி, வாழைக்காய்னு வரிசையா வரும். வெளியூர்க்காரங்களையும் உக்காரச் சொல்வாங்க, கூச்சப்படாம உக்காருங்க. புயல் மாசம்தான், ஆனா அதுக்காக ரிஸ்க் எடுக்கலாம்.

[திரையில்: போன் திரையில் ஒரு ஹோட்டல் புக்கிங், பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது]

அக்கா போன வாரம் பேசினா. பசங்களுக்கு லீவு, டிசம்பர்ல வர்றாங்களாம். அத்தான் மறுபடியும் அதே பெல் மார் ஹோட்டலைப் பாத்து வச்சிருக்கார், எனக்குத் திட்டு விழும்னு நினைச்சுத் தயங்கித் தயங்கி லிங்க் அனுப்பினார். போடுங்க அத்தான்னு சொல்லிட்டேன். தொப்பி மட்டும் கயிறு வச்சதா வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.