குழந்தையிடம் கேட்கப்படும் முதல் கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் ஓக் ஹில் என்றொரு பகுதி இருக்கிறது. ஃபிரான் கெல்லர், டான் கெல்லர் என்ற தம்பதியர் அங்கே தங்கள் வீட்டிலேயே ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்தி வந்தார்கள். வேலைக்குச் செல்லும் பெற்றோர் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டு, மாலையில் அழைத்துப் போவார்கள். 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அங்கே வந்துகொண்டிருந்த மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, தாயுடன் மனநல ஆலோசகரிடம் போகும் வழியில், டான் தன்னை அடித்ததாகச் சொன்னாள். தாயும் ஆலோசகரும் அடுத்தடுத்துக் கேட்கக் கேட்க, அடி என்று தொடங்கிய பேச்சு பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டாக மாறியது. செய்தி மற்றப் பெற்றோருக்குப் பரவியது. அவர்களும் தங்கள் பிள்ளைகளைக் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளும் ஆலோசகர்களிடம் அழைத்துச் செல்லப்பட்டார்கள். சில மாதங்களில், தங்களை இடுகாட்டுக்குக் கூட்டிச் சென்றதாகவும், விமானத்தில் மெக்சிகோவுக்குக் கொண்டுபோய், பெற்றோர் வந்து அழைப்பதற்குள் திரும்பக் கொண்டுவந்ததாகவும் பிள்ளைகள் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

1992 நவம்பரில் அந்தத் தம்பதியர் குற்றவாளிகள் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். ஆளுக்கு 48 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கில் உடல்சார்ந்த தடயம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சிறுமியைப் பரிசோதித்த அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர், அவள் உடலில் வன்கொடுமைக்குப் பொருந்தும் காயங்களைக் கண்டதாகச் சாட்சியம் சொல்லியிருந்தார். விசாரணை முடிந்து சில ஆண்டுகள் கழித்து அதே மருத்துவர் ஒரு மருத்துவக் கருத்தரங்குக்குப் போனார். எந்தத் தீங்குக்கும் ஆளாகாத சிறுமிகளின் உடலமைப்பில் இயல்பாகவே காணப்படும் வேறுபாடுகள் அங்கே படங்களாகக் காட்டப்பட்டன. தாம் காயம் என்று சொன்னது இயல்பான அமைப்புதான் என்பதை அவர் அப்போது உணர்ந்தார். 2013-இல் அதை நீதிமன்றத்திலும் ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டின் நவம்பர் இறுதியில் ஃபிரானும், டிசம்பர் முதல் வாரத்தில் டானும் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். அதற்குள் ஏறத்தாழ 21 ஆண்டுகள் போய்விட்டிருந்தன. 2015-இல் டெக்சஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. 2017 ஜூனில் டிராவிஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் அவர்கள் உண்மையிலேயே குற்றமற்றவர்கள் என்று அறிவித்தது. மாநில அரசு 34 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது.

இந்த வழக்கிலிருந்து என் உரையைத் தொடங்கியதால், குழந்தைகள் சொல்வதை நம்பக்கூடாது என்று நான் சொல்ல வருவதாக யாரும் கொள்ள வேண்டாம். குழந்தைகள் உண்மையிலேயே துன்புறுத்தப்படுகிறார்கள். வீட்டுக் காப்பகங்களிலும் துன்புறுத்தப்படுகிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. சின்னஞ்சிறு குழந்தை ஒன்றின் வாய்ச்சொல்லும் ஒரு தடயம்தான். கைரேகை பதிந்த கண்ணாடிக் குவளையைக் கழுவிவிட்டால் கைரேகை எப்படிப் போய்விடுகிறதோ, அப்படியே தவறான கேள்விகளால் குழந்தையின் நினைவும் அழிந்துபோகிறது. அப்படி அழியும்போது குற்றமற்றவர் சிறைக்குப் போகலாம். குற்றம் செய்தவர் தப்பித்தும் போகலாம். ஆகவே குழந்தையைக் காப்பதும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு நியாயம் செய்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை.

வீட்டுக் காப்பகத்தில் விசாரணை ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் பல ஆசிரியர்கள் இருப்பார்கள், ஆயாக்கள் இருப்பார்கள், யாராவது வருவதும் போவதுமாக இருப்பார்கள். வீட்டுக்குள் நடத்தப்படும் காப்பகத்திலோ பெரியவர் என்று ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்களும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். பார்த்த சாட்சி என்று எஞ்சியிருப்பவர்கள் மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் மட்டுமே. அவர்களுக்கு நாள் தெரியாது, மணி தெரியாது, நேற்றுக்கும் போன மாதத்துக்கும் வேறுபாடு சொல்லத் தெரியாது. பெரியவர் ஒருவர் கேட்டால் அவர் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நம் மொழியில் இதைச் சொன்னால் எளிதில் விளங்கும். வினா எழுத்துகள் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரு வினைச்சொல்லின் இறுதியில் "ஆ" என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும், அது கேள்வியாகிவிடும். "மாமா உன்னை அடிச்சாரா?" என்று கேட்கும்போது, மாமா என்ற ஆளையும் அடித்தல் என்ற செயலையும் நாமே குழந்தையின் கையில் கொடுத்துவிடுகிறோம்; ஆமாம் அல்லது இல்லை என்று தலையசைப்பது மட்டுமே அதற்கு மிச்சம். "அங்கே என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டால், ஆளையும் செயலையும் குழந்தையே தன் நினைவிலிருந்து எடுத்துத் தர வேண்டியிருக்கிறது. நீதிமன்றத்தில் இந்த இரண்டு பதில்களுக்கும் ஒரே மதிப்பு இருக்க முடியாது. அதிலும், "இல்லை" என்று குழந்தை சொன்ன பிறகு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், தான் முன்பு சொன்னது தவறு போலிருக்கிறது என்று நினைத்து அது பதிலை மாற்றிக்கொள்கிறது.

இது வெறும் ஊகமன்று. கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் மெக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கு 1983-இல் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் நகரக் காவல்துறை ஏறத்தாழ 200 குடும்பங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. சந்தேகத்துக்குரியவரின் பெயரையும், அவர் செய்திருக்கக்கூடிய செயல்கள் என்னென்ன என்பதையும் எழுதி, உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள் என்று அந்தக் கடிதம் பெற்றோரிடம் சொன்னது. நல்ல நோக்கத்தோடுதான் அனுப்பியிருப்பார்கள். ஆயினும் ஒரு விசாரணையின் தொடக்கத்திலேயே எல்லாச் சாட்சிகளுக்கும் ஒரே கதையைக் கொடுத்துவிடும் செயல் அது. அதன் பிறகு நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நேர்காணல் செய்யப்பட்டார்கள். வேறு பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்று சொல்வது, விரும்பிய பதில் வந்தால் பாராட்டுவது, கற்பனை செய்து சொல்லச் சொல்வது ஆகிய முறைகள் அந்த நேர்காணல்களில் கையாளப்பட்டன. ஏழு பேர் மீது வழக்குத் தொடரப்பட்டு, அவர்களில் ஐவர் மீதான வழக்கு 1986-இல் கைவிடப்பட்டது. ஏழாண்டுகளும் சுமார் ஒன்றரைக் கோடி டாலரும் செலவான பின், 1990-இல் ஒரு குற்றச்சாட்டுகூட நிரூபணமாகாமல் வழக்கு முடிந்தது.

பின்னாளில் எல் பாசோவிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளின் வகுப்புக்கு ஒரு புதியவர் வந்து கதை படித்துக் காட்டி, தின்பண்டம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து, அவர் செய்யாத சில செயல்களைச் செய்தாரா என்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். வழிநடத்தும் கேள்விகளை மட்டும் கேட்டபோது அப்படிப்பட்ட கேள்விகளில் நூற்றுக்கு 17-க்கு "ஆமாம்" என்ற பதில் வந்தது. பாராட்டும் மற்றப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சும் சேர்ந்தபோது அது 58 ஆயிற்று. இதற்கு மாதக்கணக்கில் கேட்கத் தேவைப்படவில்லை, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 1998-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது அச்சம்தான். இந்த முறைகளை அன்பு என்று நம்பித்தானே நாம் ஒவ்வொருவரும் வீட்டில் கையாளுகிறோம்?

சரியான முறை எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 2010-இல் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், ஒரு பாலர் பள்ளிக்கு வந்த மூன்று வயதுச் சிறுவனின் கண் சிவந்திருப்பதை ஆசிரியை பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். அவன் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு விழுந்துவிட்டதாகச் சொன்னான். வெளிச்சம் கூடுதலாக இருந்த அறைக்கு வந்ததும் சாட்டையால் அடித்தது போன்ற செந்தடிப்புகள் தெரிந்தன. யார் செய்தது, என்ன நடந்தது என்று அந்த வகுப்பின் முதன்மை ஆசிரியை கேட்டபோது அவன் ஒரு பெயரைச் சொன்னான். அந்தப் பெயரைக் கொடுத்தவர் ஆசிரியையல்லர், குழந்தைதான். அந்தச் சிறுவன் சாட்சி சொல்லும் திறன் இல்லாதவன் என்று நீதிமன்றம் கருதியதால் அவன் கூண்டில் ஏறவில்லை. ஆசிரியைகள் அவன் சொன்னதைச் சாட்சியமாகச் சொன்னார்கள். அவன் பெயர் குறிப்பிட்டவருக்கு 28 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தச் சாட்சியத்தை ஏற்றது சரியே என்று 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்று வயதுக் குழந்தையின் ஒற்றைச் சொல் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை நிலைத்து நின்றது. அதைக் கேட்டவர்கள் அதில் தங்கள் சொல்லைக் கலக்கவில்லை; உடலிலிருந்த தடிப்புகளும் அதற்குத் துணை நின்றன.

துணைத் தடயம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாலியல் கொடுமை சந்தேகத்தின்பேரில் பரிசோதிக்கப்பட்ட 2,384 குழந்தைகளைப் பற்றி 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரிடம் மட்டுமே இயல்புக்கு மாறான அறிகுறி காணப்பட்டது. ஆகவே, உடலில் எதுவும் இல்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அதே சமயம், கெல்லர் வழக்கில் நேர்ந்ததைப் போல, இயல்பானதைக் காயம் என்று படித்துவிடவும் கூடாது. அந்தத் துறையில் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் பார்க்க வேண்டும். பார்த்ததைப் படமெடுத்து வைத்து, இன்னொரு மருத்துவரும் ஆராய வழி செய்ய வேண்டும். இளங்குழந்தைகள் விஷயத்தில் உடலைவிட உடையிலும் படுக்கை விரிப்பிலும்தான் தடயம் அதிகம் கிடைக்கிறது. அவற்றைத் துவைத்துவிட்டால் அது போயிற்று. அடுத்ததாக வீடு. குழந்தை சொல்லும் அறை அந்த வீட்டில் உண்டா, கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது, வருகைப் பதிவேட்டின்படி அன்று எந்தெந்தப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வந்தார்கள், வீட்டுக்கு வேறு யார் வந்துபோனார்கள், கைபேசியிலும் கணினியிலும் என்ன இருக்கிறது என்பவற்றையெல்லாம் செய்தி பரவுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மெக்சிகோவுக்குப் போய் வந்த விமானம் என்று ஒரு குழந்தை சொன்னால், அந்த விமானம் இருந்ததா என்று தேடிப் பார்ப்பதும் விசாரணையின் கடமைதான். இல்லையென்று தெரிந்தால், மற்றவற்றையும் மீண்டும் எடைபோட வேண்டும்.

நேர்காணல் முறையில் பெரிய மாற்றம் அமெரிக்காவில் மெக்மார்ட்டின் வழக்கு நடந்த அதே காலத்தில்தான் தொடங்கியது. அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில், அப்போது மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்த பட் கிரேமர் 1985-இல் ஒரு வீட்டைக் குழந்தைகளுக்கென்று ஏற்படுத்தினார். அதுவரை ஒரு குழந்தை காவலர், மருத்துவர், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே தன் கதையைச் சொல்லவேண்டியிருந்தது. அதை மாற்றி, குழந்தை ஓரிடத்தில் இருக்க, மற்றவர்கள் அங்கே வரும்படி அவர் செய்தார். இன்று அமெரிக்காவில் அத்தகைய மையங்கள் 900-க்கும் மேல் இருக்கின்றன. பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் குழந்தையுடன் பேசுகிறார். அது முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்படுகிறது. அவர் முதலில் பிறந்தநாள் போன்ற ஏதாவது ஒரு சாதாரண நிகழ்ச்சியைப் பற்றித் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லச் செய்து குழந்தையைப் பழக்குகிறார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், நான் தவறாகச் சொன்னால் திருத்தலாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபின் எழும் கேள்விகளில் இரண்டை மட்டும் தொடுகிறேன். குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்துக்கு நேரே நின்று குழந்தை பேச வேண்டுமா என்பது ஒன்று. மேரிலாந்தில் பாலர் பள்ளி நடத்திய ஒரு பெண் மீதான வழக்கில், 1990-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், நேருக்கு நேர் பேசினால் குழந்தை வாயடைத்துப் போகும் அளவுக்குத் துன்புறும் என்று விசாரணை நீதிபதி கண்டறிந்தால், வேறொரு அறையிலிருந்து தொலைக்காட்சி வழியாகச் சாட்சியம் பெறலாம் என்றது. குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை அது பறிக்கவில்லை. மற்றொன்று, குழந்தையின் சாட்சியம் ஏற்கெனவே கெட்டுப் போயிருக்கிறதா என்பது. நியூ ஜெர்சியில் 115 குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்ட ஓர் இளம் ஆசிரியையின் வழக்கில், 1994-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் ஒரு புதிய வழியைக் காட்டியது. பிள்ளைகளிடம் வற்புறுத்திக் கேட்கப்பட்டதற்கு ஆதாரம் இருந்தால், விசாரணை தொடங்குமுன்பே, அந்தச் சாட்சியம் நம்பத்தகுந்தது என்பதை அரசுத் தரப்பு தெளிவாக மெய்ப்பிக்க வேண்டும். அதன் பிறகு அரசுத் தரப்பு அந்த வழக்கைக் கைவிட்டது. முதல் நேர்காணல்களின் பதிவே அந்த வழக்கில் இல்லை. பதிவு இல்லாத நேர்காணலால் பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் பயனில்லை, குற்றமற்றவருக்கும் பயனில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். காப்பகத்திலிருந்து வந்த உங்கள் பிள்ளை ஒருநாள் உங்களைத் திடுக்கிடச் செய்யும் ஏதோ ஒன்றைச் சொன்னால், அழுதுவிடாமல், அதட்டாமல், மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள். "அப்புறம்?" என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளை நிறுத்திக்கொண்டால் நீங்களும் நிறுத்திவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அம்மாவுக்குச் சொல்வதற்கு முன் காவல்துறைக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லுங்கள். அன்று போட்டிருந்த உடையைத் துவைக்காமல் ஒரு காகித உறையில் வையுங்கள். பிறகு ஒரு தாளை எடுத்து, நாளையும் நேரத்தையும் குறித்து, பிள்ளை சொன்ன சொற்களை அதன் மழலையிலேயே எழுதுங்கள். அதற்கு முன் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதையும், ஒரு சொல்லும் மாற்றாமல், அதே தாளில் எழுதி வையுங்கள்.

வணக்கம்.