ஏட்டுச் சுரைக்காயும் கவலை மீனும்

(காசிமேட்டில் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வேறு இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் இங்கும் வர இசைந்த சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, கால்வாய் அடைப்பு எடுக்கும் இடத்திலிருந்து நேராக வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, ஐஸ் வண்டி வரும் நேரத்தையும் பாராமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் விசைப்படகுச் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, மாணவியரை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் என் தெரு மக்களே, அனைவருக்கும் வணக்கம். போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. சரிகை ஓரத்தில் சந்தனக் கறை இருக்கிறது. எனக்கு முன் இரண்டு தோளாவது பார்த்திருக்கும். மகிழ்ச்சி.

பல்கலைக்கழக மொழி ஆய்வு என்று தலைப்புக் கொடுத்தார்கள். மூன்று செய்திகள் எழுதி வந்தேன். ஒன்று, அந்த ஆய்வு இந்த ஊரில் எப்படித் தொடங்கியது. இரண்டு, அது எதைச் சேர்த்தது, எதை விட்டது. மூன்று, தங்கசாலைத் தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் காதில் விழும் தெலுங்கு, உருது, குஜராத்தி, மார்வாடி.

திராவிட மொழிக் குடும்பம் என்றவுடன் எல்லோரும் கால்டுவெல் என்பார்கள். அவருடைய ஒப்பிலக்கணம் வந்தது 1856இல். அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1816இல், சென்னை ஆட்சியராக இருந்த எல்லிஸ் துரை, கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்குச் சேர்த்த குறிப்பில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சொற்பட்டியலோடு காட்டிவிட்டார். அப்போது இங்கே பல்கலைக்கழகமே கிடையாது. அது 1857இல்தான் வந்தது. இருந்தது, கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளுக்கு நம் மொழிகளைக் கற்பிக்க 1812இல் தொடங்கிய கோட்டைக் கல்லூரி. அங்கே ஆசிரியராக இருந்த பட்டாபிராம சாஸ்திரி தொகுத்த வேர்ச்சொல் பட்டியல் எல்லிஸுக்குக் கைகொடுத்தது. துரையின் பெயர் நமக்குத் தெரிகிறது. சாஸ்திரியின் பெயரை இந்த அவையில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? சரி, கைகளை இறக்கலாம், யாரும் தூக்கவில்லை.

இரண்டாவது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. லட்சத்துக்கு மேல் சொற்கள். அதன் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளையின் உழைப்புக்கு இங்கிருந்தே கும்பிடுகிறேன். அதில் கொண்டல் என்று தேடுங்கள். மேகமும் உண்டு, கீழ்க்காற்றும் உண்டு. என் அப்பா அந்த அகராதியைக் கண்ணால் பார்த்ததில்லை. விடியலில் கரையில் நின்று, கழுத்து வியர்வை எந்தப் பக்கம் குளிர்கிறது என்று பார்த்து, "கொண்டல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். நான் தமிழ் இலக்கியம் படிக்கப் போன அன்று அவர் சொன்னதும் ஒரே வரிதான்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இந்த இடத்தில் என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. தடைக்காலம், அதாவது ஏப்ரல் 15 தொடங்கி விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் 61 நாள். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வட்டார வழக்கு ஆராய ஒரு மாணவர் வந்தார். தோளில் பை, கையில் ஒலிப்பதிவுக் கருவி, நீளமான வினாத்தாள். பெரியம்மா கூடைக்குப் பின்னால் மனைக்கட்டையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார் தம்பி. பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, இந்தத் தடைக்காலத்தில் உங்களுக்குக் கவலை உண்டா?" என்று கேட்டார்.

"நேற்று நிறைய இருந்தது தம்பி. இன்று கவலையே இல்லை."

"ஒரே நாளில் எப்படியம்மா?"

"கூறு போட்டு விற்றுவிட்டேன்."

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. கவலையைக் கூறு போட்டு விற்கும் மனத்துணிவு என்று எழுதிக்கொண்டே, "யாரம்மா வாங்கினார்கள்?" என்றார். "இரண்டு மெஸ்காரர்கள். மிச்சத்தைக் கருவாடு போட்டேன்." அங்கேதான் பேனா நின்றது. பெரியம்மா எழுந்து போய், சாக்கில் காய்ந்துகொண்டிருந்த ஒரு கவலை மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். தெற்கே சாளை என்பார்கள். நம் கரையில் அதற்குக் கவலை என்றுதானே பெயர்! (சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. சட்டமன்ற உறுப்பினரும் சிரித்தார்.)

அந்தத் தம்பி நல்லவர். வினாத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு வாரம் தினமும் வந்தார். மொழிகளை ஒப்பிட மொழியியலாளர் மோரிஸ் சுவாதேசு வகுத்த நூறு சொல் பட்டியல் ஒன்று உண்டு. அதில் பேனுக்கு ஒரு சொல், மீனுக்கு ஒரு சொல். அதன் வேலைக்கு அது போதும். இந்தக் கரையில் மீன் என்று கேட்டால் எந்த மீன் என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கிழங்கான், கொடுவா, நெத்திலி, திருக்கை என்று பெரியம்மா சொல்லச் சொல்ல அவர் பக்கம் பக்கமாக எழுதினார். ஆய்வேடு முடிந்து பட்டமும் வாங்கினார் என்று கேள்வி. அதன் ஒரு பிரதிகூட இந்தக் கரைக்கு வரவில்லை. சொன்னவர் காலமாகிவிட்டார், சொன்னது ஏதோ ஓர் அலமாரியில் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் என்று கேலி செய்யலாம். ஆனால் ஏட்டிலும் ஏறாத சுரைக்காய்க்கு விதை எங்கே கிடைக்கும்? கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலம் வாங்கி வைத்துக்கொண்டது. அதன் ஒவ்வொரு மரத்துக்கும் பெரியப்பா சொன்ன தனிப் பெயர்களை இன்று பைபர் படகு ஓட்டும் என் தம்பி மகனிடம் கேட்டால் விழிக்கிறான். நானும் விழிக்கிறேன், அது வேறு விஷயம்.

ஆகவே, மேடையில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரே கோரிக்கை. நம் தெருக்கோடிக் கட்டடத்தின் மாடி அறை ஆறு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. கடல் சொற்களைச் சேர்க்கும் அறையாக அதைத் தாருங்கள் என்று எழுதாத அலுவலகம் இல்லை. கொடுக்கலாம் என்று கோப்பில் குறிப்பு எழுதியாகிவிட்டதாம்; சாவி மட்டும் வரவில்லை. பார்த்தீர்களா, இங்கேயும் அதே சுரைக்காய். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, பேச்சைப் பதிய ஒரு கருவி போதும். பல்கலைக்கழக மாணவர்கள் வந்தால் உட்கார இடம் இருக்கும்; போகும்போது ஒரு பிரதியை வைத்துவிட்டுப் போகட்டும். தலைமையாசிரியை அனுமதித்தால் இந்த மாணவியரே வீட்டுக்கு ஒரு பாட்டியைப் பிடித்துப் பத்துச் சொல் எழுதி வருவார்கள்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. தங்கசாலைத் தெருவுக்குப் போக நேரமில்லை. அடுத்த ஆண்டு அழைத்தால் அங்கிருந்தே தொடங்குகிறேன். வாசலில் நீல அட்டை போட்ட நோட்டு இருக்கிறது, மாடி அறைக்கான கையெழுத்து. சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்காக முதல் வரியைக் காலியாக விட்டிருக்கிறோம். வணக்கம்.