இந்த வரியை யார் கேட்டார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் எழுதிக் கொடுத்த முதல் நிரலில் நாற்பது வரிகள்கூட இருக்காது. அதில் ஒரே ஒரு வரிக்காக அரை நாள் உட்கார்ந்து பேசினோம். அந்த அரை நாளைப் பற்றிச் சொன்னால் என் தொழிலைப் பற்றிப் பெரும்பகுதி சொன்னதாகிவிடும்.

நான் விமானத்துக்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிறவள். பெங்களூரில் 18 ஆண்டுகளாக இதுதான் வேலை. விமானத்தின் வெளிப்புறத்தில் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. அவை தரும் எண்களை வாங்கி, எவ்வளவு உயரம், என்ன வேகம் என்று கணக்கிட்டு விமானியின் திரைக்கு அனுப்ப வேண்டும். என் முதல் நிரலில், வேகம் பூச்சியத்துக்குக் கீழே வந்தால் அதைப் பூச்சியமாக்கிவிடும்படி ஒரு வரி சேர்த்திருந்தேன். விமானம் பின்னோக்கிப் பறக்காது அல்லவா? நல்ல வேலை செய்ததாகவே நினைத்திருந்தேன்.

நிரலைச் சரிபார்த்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த மூத்த பொறியாளர், நாகர்கோவில் பக்கத்துக்காரர். அந்த வரியில் பென்சிலை வைத்துக் கேட்டார்: "ஏம்மா, இந்த வரியை யார் கேட்டார்கள்?"

"யாரும் கேட்கவில்லை சார். பாதுகாப்புக்காக நானே சேர்த்தேன்."

"சென்சார் பழுதானால்தானே வேகம் பூச்சியத்துக்குக் கீழே வரும்? உன் வரி அந்தப் பழுதைத் துடைத்துவிட்டு நல்ல எண்ணைப் போலக் காட்டும். பழுது என்று விமானிக்குத் தெரிய வேண்டாமா?"

என்னிடம் பதில் இல்லை. வரியை நீக்கினேன். அதோடு விடவில்லை. அப்படி ஓர் எண் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் தேவை ஆவணத்தில், அதாவது மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் ஆவணத்தில், எழுதினோம். பிறகு நிரலில் எழுதினோம். பிறகு அதற்கான சோதனையை எழுதினோம். அரை நாள் அதற்குத்தான் போனது.

உலகெங்கும் பயணிகள் விமான மென்பொருளுக்கு டிஓ-178சி என்ற நெறிமுறை இருக்கிறது. 2011இல் வந்தது, அதற்கு முந்தைய பதிப்பு 1992இல். மென்பொருள் தவறினால் என்ன ஆகும் என்பதைப் பொறுத்து அது ஏ முதல் இ வரை ஐந்து நிலைகளைப் பிரிக்கிறது. விமானமே விழக்கூடும் என்றால் ஏ நிலை. அந்த நிலைக்கு 71 குறிக்கோள்களை நிறைவேற்றிக் காட்ட வேண்டும். அவற்றில் பலவற்றை, எழுதியவர் அல்லாத வேறொருவர்தான் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு தேவையிலிருந்து பிறந்திருக்க வேண்டும். பிறப்பிடம் சொல்ல முடியாத வரிக்கு விமானத்தில் இடமில்லை.

சோதனை எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் எளிய உதாரணம். விமானம் தாழ்வாக இருக்கிறது, வேகம் குறைந்திருக்கிறது, சக்கரங்கள் இறங்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் எச்சரிக்கை மணி ஒலிக்க வேண்டும். மூன்றும் உண்மையாக இருக்கும்போது மணி ஒலித்தது என்று காட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொன்றாகப் பொய்யாக்கி, அந்த ஒன்று மாறியதாலேயே மணி நின்றது என்று தனித்தனியே நிரூபிக்க வேண்டும். இந்த ஒரு வரிக்கு ஆக மொத்தம் நான்கு சோதனைகள். ஒரு நாளில் எழுதியதைப் பல வாரங்கள் சோதித்திருக்கிறேன்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஏரியான் 5 ராக்கெட்டின் கதை. 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளம். அது ஏரியான் 5இன் முதல் பயணம். நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களுடன் கிளம்பிய ராக்கெட் 40 நொடிகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. திசை திரும்பி, காற்றின் விசையில் உடைந்து, வெடித்துச் சிதறியது.

காரணம், ஓர் எண். ராக்கெட்டின் திசையையும் அசைவையும் அளக்கும் கணினியின் மென்பொருள், முந்தைய ஏரியான் 4இலிருந்து எடுத்து வைக்கப்பட்டது. அங்கே குறையின்றி ஓடியது. அதில் ஓரிடத்தில் 64 பிட் இடம் பிடிக்கும் எண்ணை 16 பிட் இடத்துக்குள் அடங்கும் முழு எண்ணாக மாற்றுகிறார்கள். 16 பிட்டில் 32,767 வரைதான் கொள்ளும். பக்கவாட்டு வேகத்தைச் சார்ந்த எண் அது. ஏரியான் 5 தொடக்கத்திலேயே பக்கவாட்டில் அதிக வேகம் எடுக்கும் ராக்கெட். எண் கொள்ளளவைத் தாண்டியது, கணினி நின்றுபோனது. அதற்கு மாற்றாக வைத்திருந்த இன்னொரு கணினி? அதிலும் அதே மென்பொருள். அது கண்ணிமைக்கும் நேரத்துக்கு முன்பே அதே காரணத்தால் நின்றிருந்தது. நின்றுபோன கணினி அனுப்பிய பழுதுக் குறிப்பைத் தலைமைக் கணினி உண்மையான அளவீடு என்று எடுத்துக்கொண்டு எஞ்சின் முனைகளைத் திருப்பியது. இதில் என் மனம் ஆறாத செய்தி ஒன்று உண்டு: அந்தக் கணக்கு ராக்கெட் தரையில் நிற்கும்போதுதான் பயன்படும். ஏரியான் 5 கிளம்பிய பிறகு அதற்கு ஒரு வேலையும் இல்லை. பழைய ராக்கெட்டின் தேவைக்காக வைத்தது, புதிய ராக்கெட்டிலும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரே மென்பொருளை இரண்டு கணினிகளில் வைப்பது, ஒரே தவறான விடையை இரண்டு தாள்களில் எழுதுவது போன்றது. 1988இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320இல் பறப்பைக் கட்டுப்படுத்தும் கணினிகள் இரண்டு வகை. இரண்டிலும் வெவ்வேறு புராசசர் சில்லுகள், வெவ்வேறு குழுக்கள் எழுதிய மென்பொருள். செலவு பிடித்த வழி. ஆனாலும் சரியான வழி என்பேன்.

நெறிமுறை எல்லாவற்றையும் காப்பாற்றும் என்றும் நான் சொல்ல மாட்டேன். போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் விழுந்து 346 பேர் இறந்தார்கள். விமானத்தின் மூக்கைத் தாழ்த்தும் மென்பொருள், ஒரே ஒரு சென்சாரின் சொல்லை நம்பிச் செயல்பட்டது. நிரல் தன்னிடம் கேட்டதைச் செய்தது, கேட்டதுதான் தவறு. "யார் கேட்டார்கள்" என்பதோடு "ஏன் அப்படிக் கேட்டார்கள்" என்றும் கேட்க வேண்டும் என்பதை எங்களுக்கு மிகக் கொடிய விலையில் உணர்த்திய விபத்துகள் அவை.

என் குழுவில் சேருகிறவர்களுக்கு முதல் நாளில் ஏரியான் விசாரணைக் குழுவின் அறிக்கையைக் கொடுக்கிறேன். சிறிய அறிக்கைதான், எவரும் படிக்கலாம். கொள்ளளவைத் தாண்டக்கூடிய ஏழு மாறிகளை, அதாவது ஓடும்போது மதிப்பு மாறும் எண்களை, அந்த நிரலில் முன்பே அடையாளம் கண்டிருந்தார்கள். நான்குக்குப் பாதுகாப்பு வைத்தார்கள், மூன்றை விட்டுவிட்டார்கள். "ஏன் விட்டார்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் "கவனக்குறைவு" என்றுதான் பதில் வரும். மறுபடி படிக்கச் சொல்வேன். கவனக்குறைவு அல்ல, கணினியின் வேலைப்பளு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காக ஆலோசித்து, ஒப்புக்கொண்டு எடுத்த முடிவு. ஆனால் அந்த மூன்றை ஏன் விடலாம் என்ற காரணம் நிரலில் எங்கும் எழுதப்படவில்லை.

அதனால் எங்கள் குழுவில் வரிக்குப் பக்கத்திலேயே காரணத்தையும் எழுதி வைக்கிறோம்.

சென்ற ஆண்டு, ஒரு புதிய விமானத்துக்குப் பழைய நிரல் ஒன்றை எடுத்துக்கொண்டோம். சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகாத இளைஞர் ஒருவர் அச்செடுத்த தாளோடு என் இருக்கைக்கு வந்தார்.

"மேடம், இது நீங்கள் எழுதியதுதானே?"

12 ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய குறிப்பு: 'உயரம், அடியில், 16 பிட் போதும். இந்த விமானம் 25,000 அடிக்கு மேல் பறக்காது.'

"புதிய விமானம் 41,000 அடி வரை போகும், மேடம்" என்றார்.