பசுமைச் சான்றும் மின் கட்டண அட்டையும்

நேயர்களுக்கு வணக்கம். பசுமைச் சான்று பெற்ற வீடு என்று சொல்லி விற்பவர் விலையைக் கூட்டிக் கேட்டால், அந்தக் கூடுதல் தொகை நமக்கு எந்த வழியில் திரும்பி வரும் என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

நம் நாட்டில் 2001-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பசுமைக் கட்டடக் கழகமும், ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை வழங்கும் ‘கிரிஹா’ அமைப்பும் இத்தகைய சான்றுகளை அளிக்கின்றன. தண்ணீர்ச் சிக்கனம், கட்டுமானப் பொருள், கழிவு மேலாண்மை, வெளிச்சம், மின்சாரம் என்று பலவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ஆகவே நல்ல மதிப்பெண் பெற்ற வீடு என்பதாலேயே மின் கட்டணமும் குறைவாக வரும் என்று எடுத்துக்கொள்வதற்கில்லை.

திருநெல்வேலிச் சீமையில் வீட்டுக்குள் வெப்பத்தை இறக்குவதில் முதலிடம் மேல்தளத்துக்குத்தான். சித்திரை, வைகாசி மாதங்களில் பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், இரவு பத்து மணிக்கும் அனலை உள்ளே விட்டுக்கொண்டிருக்க, மின்விசிறி அந்த அனலையே கீழே தள்ளுகிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டை ஓடு பதித்த பழைய மாடிகளும், வெயில் நேராகச் சுவரில் விழாமல் காத்த தார்சா என்னும் தாழ்வாரமும் இதை அறிந்து செய்யப்பட்டவை. குடியிருப்புகளுக்காக மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் விதித்தொகுப்பும், மேல்தளம் வழியே இறங்கும் வெப்பத்துக்குத் தனியாக ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வீடு பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறைத் தரையின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் மாடிக்கு ஏறிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

மின்விசிறியின் கணக்கு எளிது. 75 வாட் விசிறி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் செலவாகும். 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. என்னும் மின்சிக்கன மோட்டார் விசிறிக்கு 22 யூனிட் போதும். வீட்டில் நான்கு விசிறி என்றால் மிச்சம் ஏறத்தாழ 130 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் உள்ள யூனிட்டுகளுக்கே கட்டண விகிதம் ஏறிவிடும் நம் மாநிலத்தில், எல்லைக்கோட்டில் நிற்கும் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல்.

சந்தை மதிப்புக்கு வருவோம். சிங்கப்பூரில் 2005 முதல் ‘கிரீன் மார்க்’ என்ற சான்று வழங்கப்படுகிறது. அங்கே வீட்டு விலைகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், சான்று பெற்ற வீடுகளுக்குக் கூடுதல் விலை கிடைப்பதையும், கட்டி முடிக்கும் முன் விற்கும்போது கிடைப்பதைவிட மறுவிற்பனையில் அது அதிகமாக இருப்பதையும் கண்டார்கள். குடியிருந்து பார்த்தபின் தெரியவரும் பலனுக்குத்தான் வாங்குகிறவர்கள் மனமுவந்து பணம் தருகிறார்கள் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் ஊரில் வீட்டு விலையைப் பெரும்பாலும் சென்ட் கணக்கும் சாலை அகலமுமே தீர்மானிக்கின்றன. மின் செலவையும் அந்தப் பேச்சில் சேர்க்க நமக்கு ஒரு வழி இருக்கிறது. பழைய வீடானால், ஓராண்டுக்குரிய ஆறு மின் கட்டணக் கணக்குகளையும், அந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், ஏ.சி. எத்தனை என்பதையும் கேட்டு வாங்குங்கள். புதிய வீடானால், மேல்தளத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்பதையும், சான்று வரைபடத்துக்கு மட்டும் தரப்பட்டதா, கட்டி முடித்த வீட்டைப் பார்த்துத் தரப்பட்டதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் எந்த வீடும் குளுமையாகவே தோன்றும். ஆகையால், முடிந்தால் கோடையில், பொழுது சாய்ந்தபின் போய், மேல்மாடி அறையில் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள். வணக்கம்.